‘எல்லாம் நல்லம்’ என்று சொன்ன மூன்று வருடங்கள்

1

செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே பெரிய வாழ்த்து அட்டை. ஹெலன் மிஸ் வெள்ளிக்கிழமையுடன் ஓய்வு பெறுகிறார். கணிதத் துறையில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கு ஒரு வரி எழுதி, உறையின் மேல் தங்கள் பெயருக்கு நேரே சரி அடையாளம் போட்டு, அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும். யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் வேலையை விட்டுப் போனாலும் இங்கே இப்படி ஓர் உறை மேசை மேசையாகச் சுற்றி வரும். நான் வழக்கமாக அரை நிமிடத்தில் எழுதி அனுப்பிவிடுவேன். இந்த உறை வியாழக்கிழமை வரை என் இழுப்பறையிலேயே கிடந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாகப் போடுகிறார்கள். அவர் பாடம் படிப்பிப்பதற்கு அல்ல. தவணைக்கு இரண்டு மூன்று தரம் கூப்பிட்டு, நித்திரை வருகிறதா, கூட்டாளிமார் கிடைத்தார்களா, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பதற்கு. நோய், துக்கம் என்று ஏதாவது வந்தால் மாணவருக்காகத் துறையில் போய்ப் பேசுவதற்கு. சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இதுவும் ஒரு வேலை என்று நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. “சும்மா கதைக்கிறத்துக்கு ஒரு ஆளா?” என்று கேட்டார்.

எனக்குக் கிடைத்த ஆள் ஹெலன் மிஸ். இங்கே ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வெறும் ‘ஹெலன்’ என்று சொல்ல என் வாய் வரவில்லை. நான் ஹெலன் மிஸ் என்றேன். அவரும் ஒரு நாள் சிரித்துவிட்டு அதை ஏற்றுக்கொண்டார்.

இப்போது நான் அதே துறையின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். புதிய மாணவர்களுக்கு ‘உங்கள் பொறுப்பாசிரியர் இன்னார், அவரை வந்து சந்தியுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. நான் இந்த மேசைக்கு வருவதற்காக இங்கே படிக்க வரவில்லை. எப்படி வந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2

முதல் தவணையின் மூன்றாம் கிழமை ஹெலன் மிஸ்ஸிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘புதன்கிழமை பதினொரு மணிக்கு என் அறைக்கு வரவும். பதினைந்து நிமிடம் போதும்.’

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறைக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் ஒன்று அடி விழும், அல்லது தாய் தகப்பனைக் கூட்டி வரச் சொல்வார்கள். நான் என்ன பிழை செய்தேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். புதன்கிழமை தலையை இழுத்துப் பின்னி, உயர்தரப் பெறுபேற்றுப் பத்திரம், பள்ளிக்கூடத்தில் தந்த நற்சான்றிதழ், புலமைப்பரிசில் கடிதம் எல்லாவற்றையும் கோவையில் போட்டுக்கொண்டு போய் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன்.

“உட்காருங்கள்” என்றார்.

கதிரையின் நுனியில் உட்கார்ந்தேன். கோவையை நீட்டினேன். அவர் அதைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டு, “உங்களுக்குக் குளிர் பழகிவிட்டதா?” என்று கேட்டார்.

எனக்கு அதுதான் கேள்வியா, அல்லது கேள்வி இனிமேல்தான் வருமா என்று தெரியவில்லை.

“வீட்டில் எல்லோரும் எப்படி?”

“எல்லாம் நல்லம், மிஸ்.”

“சாப்பாடு?”

“எல்லாம் நல்லம்.”

நாலு நிமிடத்தில் எழும்பிவிட்டேன். வெளியே அடுத்ததாகக் காத்திருந்தவன் என் வகுப்புப் பொடியன் ஒருவன். உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் இருந்தான். கண் சிவந்து வெளியே வந்தான். பிறகு விசாரித்தால், அவனுடைய வீட்டு நாய் செத்துப்போயிற்றாம். பரீட்சை ஒன்றைப் பின்போடுவதற்கு ஹெலன் மிஸ் கடிதம் கொடுத்தாராம்.

அன்று இரவு என் அறையில் நான் சிரித்தது நினைவிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மட்டக்களப்பு வாவியில் வலை வீசுகிறவர். அம்மா கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிறவர். செல் குண்டு விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டே கணக்குச் செய்து படித்து வந்தவள், நாய்க்கு அழுகிறவனோடு ஒரே வரிசையில் நிற்பதா என்று நினைத்தேன். அவனுக்கு அவனுடைய நாய் முக்கியம் என்பதும், அதைச் சொல்ல அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.

3

‘எல்லாம் நல்லம்’ என்ற அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். உயர்தரம் படிக்க வாவியைக் கடந்து கிழக்குப் பக்கம் போக வேண்டும். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி இழுக்கும் மிதவைப் படகை நாங்கள் பாதை என்போம். பாதை கரை தட்டும் இடத்தில் இராணுவக் காவலரண் இருந்தது. அங்கே ஒவ்வொரு பிள்ளையிடமும் கேள்வி கேட்பார்கள். வீட்டில் எத்தனை பேர், அண்ணன் தம்பி எங்கே, இரவு யார் வந்தார்கள். ஒரு சொல் கூடினால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குத் திரும்பினால், அவர்களோடு சண்டை பிடிக்கும் மற்றப் பக்கத்து ஆட்கள் வந்து, காவலரணில் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதில்தான் பொருந்தும்.

அதனால் பாதை நடு வாவிக்கு வந்ததும் எங்களுக்குள் ஓர் ஒத்திகை நடக்கும். என்னை விட ஒரு வகுப்புக் கூடிய தேவிகா காவலரண் சென்றியாக நிற்பாள். குடையைத் துவக்குப் போலப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்பாள்.

“வீட்டில எத்தின பேர்?”

“நாலு பேர்.”

“எல்லாரும் எங்க?”

“எல்லாரும் வீட்ட. எல்லாம் நல்லம்.”

என் தம்பி ஜெகன் என்னை விட மூன்று வயது இளையவன். அவனும் அதே பாதையில்தான் பள்ளிக்கூடம் வருவான். அவன் முறை வந்தால் எல்லோரும் கிட்டக் கிட்ட வந்து நிற்பார்கள்.

“வீட்டில எத்தின பேர்?”

“நாலு பேர், ஒரு ஆடு.”

“டேய், ஆட்டையெல்லாம் சொல்லாத.”

“மறுகா அதுக்கும் அடையாள அட்டை எடுக்கல்ல எண்டு பிடிச்சிட்டுப் போனா? ஆட்டுக்கும் எல்லாம் நல்லம். ஒள்ளுப்பம் இருமல் மட்டும்.”

பாதை இழுப்பவர் வரை சிரிப்பார். கரை கிட்ட வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். காவலரணில் ஜெகன் ஒரு சொல் கூடச் சொல்ல மாட்டான். அந்த ஒத்திகையில் நாங்கள் எல்லோருமே நன்றாகச் சித்தியடைந்தோம். நான் மட்டும் அதை வாவியைக் கடந்து, கடலையும் கடந்து கொண்டு வந்துவிட்டேன்.

4

இரண்டாம் வருடம் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சண்டை கிட்ட வந்ததால் படுவான்கரைச் சனம் முழுக்க ஊரை விட்டு வாவியைக் கடந்தது. பதினொரு நாள் வீட்டாரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பன்னிரண்டாம் நாள் அகதி முகாமாகிய ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அம்மா பேசினார்.

“நாங்க வந்து சேந்திட்டம் புள்ள. தம்பியத்தான் காணல்ல.”

எல்லோரும் தோணியில் ஏறிய பிறகு ஜெகன், “ஆட்டை அவிட்டுப்போட்டு வாறன், கட்டையில நிண்டு சாகும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறான். அவனுக்குப் பதினேழு வயது. தோணி பொழுதுபடும்வரை காத்திருந்திருக்கிறது. அவன் வரவில்லை.

அந்தக் கிழமை இரண்டு வகுப்புக்கு நான் போகவில்லை. ஹெலன் மிஸ் மின்னஞ்சல் போட்டார். போனேன். வழக்கம் போலக் கதிரையின் நுனி.

“வானொலியில் உங்கள் பக்கத்துச் செய்தி கேட்டேன். மட்டக்களப்பு என்றுதானே சொன்னீர்கள்? வீட்டில் எல்லோரும் பத்திரமா?”

“எல்லாம் நல்லம், மிஸ்.”

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பரீட்சையைப் பாதிக்கும் அளவுக்கு ஏதாவது நடந்திருந்தால் அதில் எழுதிக் கொடுக்கலாம். பரீட்சையை ஆவணிக்குப் பின்போடுவார்கள். புள்ளி குறையாது. புலமைப்பரிசிலும் போகாது. “இரண்டு வரி போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். துறைத் தலைவரையும் என்னையும் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள்” என்றார்.

அந்தப் படிவத்தை மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், முகவரி, மாணவர் எண். அதன் கீழே ‘என்ன நடந்தது?’ என்று ஒரு பெரிய வெற்றுப் பெட்டி. ‘தம்பியைக் காணவில்லை’ என்று எழுதினால் ‘யார் கொண்டுபோனது’ என்பது அடுத்த கேள்வி. அதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் யாரோ ஒருவருக்குப் பிடிக்காது. கடதாசி எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? எங்கோ உயிரோடு இருக்கிறவனுக்கு என் கையெழுத்தால் ஏதாவது வந்துவிட்டால்? ஊரில் படிவம் நிரப்பி நன்மையடைந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

பெட்டிக்குள் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

ஹெலன் மிஸ் வாசித்தார். “நிச்சயமாகவா?” என்று கேட்டார்.

“ஓம் மிஸ்” என்றேன். தமிழில் ‘ஓம்’ என்றது கூட அவருக்கு விளங்கியது.

5

இரண்டு பாடங்களில் சித்தியடையவில்லை. கேள்வித்தாளில் இருந்தவை எனக்குத் தெரியாதவை அல்ல. ஒரு கேள்வியைப் பாதி செய்துவிட்டு, ஆட்டுக் கயிற்றில் எத்தனை முடிச்சு இருக்கும், ஒன்றை அவிழ்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் திரும்ப எழுதினேன். ஆனால் காரணம் காட்டாமல் திரும்ப எழுதுகிறவருக்கு ஆகக் குறைந்த சித்திப் புள்ளிதான் கிடைக்கும். புலமைப்பரிசில் நின்றது. கடைசி வருடம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து படித்தேன். பட்டம் கிடைத்தது. ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தரத்தில் கிடைக்கவில்லை. ஆய்வு முடித்து, ஊருக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்க வேண்டும் என்பதுதான் நான் அப்பாவுக்குச் சொல்லிவிட்டு வந்தது. இப்போது தற்காலிக விசாவில், மற்றப் பிள்ளைகளின் பெறுபேறுகளை அகரவரிசைப்படி அடுக்குகிறேன்.

கடைசி வருடத்திலும் ஹெலன் மிஸ் கூப்பிட்டார், போனேன். களைப்பாக இருக்கிறீர்களே என்றார். எல்லாம் நல்லம் என்றேன்.

சித்தியடையாததை வீட்டுக்கும் சொல்லவில்லை. அங்கேயும் எல்லாம் நல்லம்தான்.

6

வீட்டார் ஊருக்குத் திரும்பியபோது ஆடு முற்றத்தில் நின்றதாம்.

“கயிறு அறுந்திருக்கல்ல புள்ள. அவிட்டுத்தான் இரிந்திச்சு” என்று அம்மா சொன்னார். அப்படியென்றால் அவன் வீடு வரை போய்ச் சேர்ந்திருக்கிறான். அதற்குப் பிறகு நடந்தது இரண்டு வருடமாகியும் தெரியாது.

போன மாதம்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பட்டம் எடுத்த பிள்ளை ஏன் கந்தோரில் தபால் பிரிக்கிறது என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டதால், இரண்டு பாடம் தவறியது, புலமைப்பரிசில் போனது எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தைப் பற்றியும் சொன்னேன்.

“அந்த மிஸ் உன்னட்டக் கேட்டவவா?” என்றார் அம்மா.

“கேட்டவ.”

“மறுகா நீ என்ன சொன்ன?”

“எல்லாம் நல்லம் எண்டு சொன்னன். தம்பிக்கு ஏதும் வந்திரும் எண்டு பயத்தில...”

“என்ட புள்ள,” என்றார் அம்மா, “கேக்கிற ஆளுக்குச் சொல்லாம வேற ஆருக்குச் சொல்ற? நான் இஞ்ச கேக்காத ஆளுக்கெல்லாம் சொல்லித் திரியிறன்.”

அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. அம்மா முகாமுக்கு வந்த மறுநாளே தொடங்கியிருக்கிறார். பொலிஸ், காவலரண், மாவட்ட அரசாங்கக் கச்சேரி, கோயில், சேர்ச், வெளிநாட்டு ஆட்கள் வரும் கந்தோர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஜெகனின் படத்தைக் கொடுத்து, நீட்டிய கடதாசியில் எல்லாம் பெருவிரல் வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்கவில்லை. சந்தையில் மீன் வாங்க வந்த ஒரு பெண் புதிய முகமாக இருந்ததால் அவளிடமும் காட்டியிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கடதாசிகளில் அம்மா தன்னுடைய பிள்ளைக்காக விரல் வைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், வாசிக்கத் தெரிந்த மகள் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பயம் உண்மைதான். ஆனால் பயம் பாதி. மற்றப் பாதியை இப்போது மறைக்க மாட்டேன். நாய் செத்தவன் இருந்த கதிரையில் இருந்து நானும் அழுவதா என்ற எண்ணம் அது. எங்கள் வீட்டில் முதலாவதாகப் படித்தவள் இரக்கத்துக்குப் புள்ளி வாங்கினாள் என்று வரக்கூடாது என்ற எண்ணம். தம்பியின் பெயரைச் சொல்லி அதற்கு மேலே ஒரு துணி போர்த்தியிருந்தேன்.

7

வியாழக்கிழமை மத்தியானம் உறையை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு ஹெலன் மிஸ்ஸின் அறைக்குப் போனேன். தட்டுகள் வெறுமையாக இருந்தன. புத்தகங்கள் பெட்டிகளில். மாணவர் கதிரையின் மேல் ஒரு பெட்டி இருந்தது. அவர் அதை நிலத்தில் இறக்கி வைத்துவிட்டு, “உட்காருங்கள்” என்றார்.

முதுகு சாயும்வரை உட்கார்ந்தேன். அந்தக் கதிரை சாயும்போது கிறீச்சிடும் என்பது மூன்று வருடம் உட்கார்ந்த எனக்குத் தெரியாது.

“வீட்டில் எல்லோரும் எப்படி?”

“தம்பியைக் காணவில்லை, மிஸ். இரண்டு வருடமாக.”

அவர் கையில் இருந்த ஒட்டுநாடாவை மேசையில் வைத்தார். நான் தோணி, ஆடு, கயிறு, படிவம் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் யாரோ கதவைத் தட்டினார்கள். “பிறகு வாருங்கள்” என்று அவர் எழும்பாமலே சொன்னார்.

“அந்தப் படிவத்தை நீங்கள் கொடுத்தபோதே தெரியுமா?” என்று கேட்டார்.

“அதற்கு ஒரு கிழமை முன்பே தெரியும்.”

“நான் ‘நிச்சயமாகவா’ என்று ஒரு தரம்தான் கேட்டேன்” என்றார். “இரண்டாம் தரம் கேட்டால் உங்களை நம்பாதது போல இருக்கும் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும்.”

“கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.”

“இருக்கலாம்” என்றார். “இப்போது அந்தப் பெறுபேற்றை மாற்ற முடியாது. காலம் கடந்துவிட்டது. உங்களுக்கு ஏதாவது வழி இருப்பதாகப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.”

தெரியும் என்றேன். அந்த விதிகளைத் தட்டச்சு செய்கிறவளே நான்தான்.

“அவருடைய பெயர் என்ன?”

“ஜெகன்.”

அவர் திருப்பிச் சொன்னார். சரியாக வரவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன். மூன்றாம் தரம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. இந்த நாட்டில் வேறொரு வாய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

8

பின்னேரம் உறையை வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

“அவவுக்கு ஒரு படம் குடு” என்றார் அம்மா உடனே. என்னிடம் மூன்று பிரதிகள் இருக்கின்றன. அம்மா எப்போதோ கடிதத்தோடு அனுப்பியவை. இரண்டு வருடமாக அவற்றைக் கணிதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

“அவ அதிகாரி இல்ல அம்மா. நாளையோட வேலையும் முடியிது. அவவால ஒண்டும் செய்ய ஏலா.”

“செய்யாட்டிப் பரவாயில்ல. அவன்ட முகம் தெரிஞ்ச ஆள் ஒண்டு கூடுமே. பின்னால எழுதித்தான் குடுக்கணும், சும்மா குடுக்காத. இஞ்ச ஆர்ட்டயும் கெஞ்சித்தான் எழுதுவிக்கிறன். இண்டைக்கு நீ எழுது.”

படத்தைத் திருப்பி வைத்துப் பேனையை எடுத்தேன். அம்மா எல்லாக் கந்தோரிலும் சொல்லிச் சொல்லிப் பாடமாகிப் போனதை ஒழுங்காகச் சொன்னார். முழுப் பெயர். ஊர். அப்போது பதினேழு வயது. “இப்பத்தய வயசையும் போடு, பத்தொம்பது.” நீலக் கட்டம் போட்ட சேட்டு. இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு. ஆட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று வாவிக்கரையிலிருந்து வீட்டுப் பக்கம் போனவர். நான் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். படத்தின் பின்பக்கம் சிறியது. கடைசி வரியைப் பொடி எழுத்தில் நெருக்க வேண்டியிருந்தது.

எழுதிய படத்தை வாழ்த்து அட்டைக்குள் வைத்தேன். அட்டையில் வேறொன்றும் எழுதவில்லை.

“எழுதிட்டியா?” என்றார் அம்மா.

“ஓம்.”

“வாசி பாப்பம்.”

“இங்கிலிசில இரிக்கி அம்மா.”

“இருக்கட்டும். வாசி.”

படத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஜெகன் என்று வந்த இடத்தில் மட்டும், கந்தோரில் பெயர் கூப்பிட்டால் எழும்புகிறவரைப் போல, “ஓம்” என்றார்.